படகு தீண்டாத கரைகளுக்கு ஒரு பாராட்டுரை

திண்டுக்கல் சமவெளியின் ஆறுகளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறவர்கள் தயங்க வேண்டியதில்லை. சொல்வதற்கு உறுதியான செய்தி ஒன்று இருக்கிறது. குடகனாறு, சந்தனவர்த்தினி, மருதாநதி, நங்காஞ்சியாறு, சண்முகநதி ஆகியவற்றின் கரையோரமாக நடந்து பாருங்கள். உல்லாசப் படகின் அலை மோதிச் சரிந்த கரை என்று ஓரடி நீளத்தைக்கூட யாராலும் காட்ட முடியாது. பல நாடுகள் சட்டம் போட்டு, காவல் வைத்து, வழக்காடி அடைய நினைக்கும் நிலை இது. இந்தச் சமவெளி அதைச் செலவில்லாமல் அடைந்திருக்கிறது.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது மற்றவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால்தான் தெரியும். டாஸ்மேனியாத் தீவில் கார்டன் என்றொரு ஆறு மழைக்காட்டுக்குள் ஓடுகிறது. அதன் அழகைக் காட்டச் சுற்றுலாப் படகுகள் விரைந்து போய்வந்தன. 1980-களில் கரை கரையத் தொடங்கியது. மரங்களின் வேர் வெளியே தெரிந்தது, மரங்களே ஆற்றுக்குள் சாய்ந்தன. அங்கிருந்தவர்கள் படகுகளுக்கு வேக வரம்பு விதித்தார்கள். எந்த இடத்துக்கு மேல் படகு போகக் கூடாது என்று எல்லை வைத்தார்கள். கரையில் முளையடித்து, ஆண்டுக்கு எவ்வளவு மண் போகிறது என்று அளந்தார்கள். வெனிஸ் நகரத்தில் மோட்டார் படகுகளின் அலை நூற்றாண்டுகள் பழைய கட்டடங்களின் அடித்தளத்தை அரிக்கிறதென்று மக்கள் பல்லாண்டு போராடினார்கள். 25,000 டன்னுக்கு மேற்பட்ட சொகுசுக் கப்பல்கள் நகரின் முக்கியக் கால்வாய்க்குள் வரக் கூடாது என்று 2021 ஆகஸ்டில் தடை வந்தது. இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பக்கத்துக் கேரளத்தின் குட்டநாட்டில், படகுகள் எழுப்பும் அலை வயலுக்கும் வீட்டுக்கும் அரணாக நிற்கும் வரம்புகளைக் கரைக்கிறதென்று அங்குள்ளவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள்.

அலை கரையைத் தின்னும் விதம் எளிமையானது. படகு வேகமாகப் போனால் முன்பக்கமும் பின்பக்கமும் அலை எழும். அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். அகன்ற ஏரியில் அந்த அலை கரை சேர்வதற்குள் ஓரளவு அடங்கிவிடும். ஒடுங்கிய ஆற்றில் அடங்க இடமில்லை. கரையின் அடிமண்ணை அது அறைந்து கரைக்கும், அடி போனதும் மேல்மண் தன் எடையிலேயே சரியும். அதனால்தான் கரையோரம் மெதுவாகப் போ, கரைக்கு இவ்வளவு தூரம் தள்ளிப் போ, ஒடுங்கிய பகுதிக்குள் மோட்டாரோடு வராதே என்று விதி எழுதுகிறார்கள். நம்முடைய மாவட்டத்திலேயே மலைமேல் கொடைக்கானல் ஏரி இருக்கிறது. 1863-இல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய அந்த ஏரியில் இன்றும் துடுப்புப் படகுக்கும் மிதிபடகுக்கும்தான் மதிப்பு. கீழே சமவெளியில் அப்படி ஒரு விதியை எழுதும் சிரமமே நமக்கு வரவில்லை. படகு மிதக்கும் அளவுக்கு ஆற்றில் தண்ணீர் இல்லாதபடி நாம் முன்கூட்டியே பார்த்துக்கொண்டோம்.

இதற்காக உழைத்தவர்கள் பலர். ஒவ்வொருவரையும் அவரவர் தகுதிக்கேற்பப் பாராட்டுவதுதான் முறை.

முதல் மரியாதை சட்டம் எழுதியவர்களுக்கு. 1884-லேயே சென்னை மாகாணத்தில் ஆறுகள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 1957-இல் நாடு முழுவதற்கும் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் வந்தது. 1959-இல் தமிழ்நாட்டுக்கென்று சிறுகனிம விதிகள் வந்தன. 2003-இல் ஆற்று மணல் குவாரிகளை அரசே ஏற்றுப் பொதுப்பணித் துறையிடம் கொடுத்தது. 2012-இல் தீபக் குமார் வழக்கில், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் தண்டனை கூடியது: சட்டவிரோதமாகக் கனிமம் எடுத்தால் ஐந்து ஆண்டுவரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம். 2016-இலும் 2020-இலும் மணல் எடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. இரண்டாவதில் ட்ரோன் கண்காணிப்பும் இரவில் பார்க்கும் கருவிகளும்கூட இருக்கின்றன. படகையும் விட்டுவைக்கவில்லை. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. படகுக்குப் பதிவு, தகுதிச் சோதனை, ஓட்டுநருக்குச் சான்று என எல்லாம் அதில் உண்டு.

அதியமான் தூதாக அனுப்பிய ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிக்காட்டினான். நெய் பூசி, பீலி சூட்டி, கூர் மழுங்காமல் வரிசையாக நின்ற வேல்களைக் கண்ட ஔவை அவற்றைப் புகழ்ந்தார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சேர்த்துச் சொன்னார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. நம்முடைய ஆற்றுச் சட்டங்களும் தொண்டைமானின் வேல்களே. 1884 முதல் இன்றுவரை ஒன்றின் நுனிகூட முறியவில்லை. எடுத்து வீசினால்தானே முறியும்?

அடுத்த மரியாதை மணல் அள்ளியவர்களுக்கு. அவர்களுடைய உழைப்பின் முன்னால் எந்தப் படகும் எம்மாத்திரம்! படகு பகலில்தான் போகும், மணல் வண்டி இரவிலும் போகும். படகின் அலை கரையைச் சுரண்டும், பொக்லைனோ ஆற்றின் படுகையையே கீழே இறக்கும். மாட்டுவண்டியில் தொடங்கியது டிராக்டருக்கு வளர்ந்து டிப்பருக்கு வந்தது. மணலை மணல் என்று சொல்லக் கூச்சப்பட்ட இடங்களில் சவுடு என்று நடைச்சீட்டு வாங்கப்பட்டது. பட்டா நிலத்தில் மண் எடுக்க அனுமதி, எடுப்பது ஆற்றை ஒட்டிய மணலை. ஒரு நடைக்கு வாங்கிய சீட்டில் எத்தனை நடை போகலாம் என்பதில் இவர்கள் காட்டிய சிக்கனத்தை எந்தக் குடும்பத் தலைவியும் பார்த்து வியப்பார்.

இவர்களுடைய வேலையின் நேர்த்தி வெள்ளம் வரும்போதுதான் தெரியும். ஆற்றில் வரும் நீர் எப்போதும் கொஞ்சம் மணலைச் சுமந்து வரும், கொஞ்சம் மணலை இறக்கிப் போகும். படுகையில் மணல் இல்லாவிட்டால் அந்த நீர் சும்மா போகாது. தனக்கு வேண்டிய மண்ணைக் கரையிலிருந்தும் படுகையின் அடியிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். குழி தோண்டிய இடத்தில் ஆறு ஆழமாகும், கரை செங்குத்தாகும். வெள்ளம் சட்டென்று வடியும்போது ஈரத்தில் கனத்து நிற்கும் செங்குத்துக் கரைக்கு எதிரே தாங்கிப் பிடிக்கத் தண்ணீர் இருக்காது. பாளம் பாளமாக இடிந்து விழும். பள்ளம் தோண்டிய இடத்தோடும் இது நிற்பதில்லை. பள்ளத்தின் மேல்விளிம்பு சரிந்து சரிந்து ஆற்றின் மேல்பக்கம் ஏறும். தோண்டாத ஊரின் கரையும் அதில் போகும், பாலத்தின் தூணும் வெளியே தெரியும். ஓரிடத்தில் தோண்டி ஊர் முழுவதற்கும் வேலை கொடுக்கும் இந்தத் திறமை படகுக்கு ஏது?

மணலுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். மழைக்காலத்துத் தண்ணீரை அந்த இடைவெளியில் வாங்கி வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணறுகளுக்குக் கொடுப்பதுதான் ஆற்று மணலின் வேலை. நூறு லாரி மணலை ஏற்றிப் போகும்போது முப்பது லாரிக்கு மேல் தண்ணீர் தங்கும் இடத்தையும் சேர்த்து ஏற்றிப் போகிறோம். அதற்குத் தனியாக விலை வைக்காத வள்ளல்தன்மையையும் சொல்லத்தான் வேண்டும். ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய ஊர்களில் இன்று ஆயிரம் அடி போர் போடுகிறார்கள். ஊற்றில் ஊறியது அந்த ஆண்டு மழை. போரில் வருவது எந்தத் தலைமுறைக்காகச் சேர்ந்ததோ, அது.

சீமைக்கருவேலத்துக்கும் உரிய பங்கைக் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஓடாத படுகையில் அது காடாக வளர்ந்து நிற்கிறது. என்றோ ஒருநாள் வெள்ளம் வந்தால் நடு ஆற்றில் அந்தப் புதர் வழியை மறிக்கும், நீர் இருபக்கமும் ஒதுங்கிக் கரையை அறுக்கும். கரையைப் பிடித்து நிற்க வேண்டிய மருதும் நாவலும் புங்கும் நாணலும் இருந்த இடத்தில் இப்போது வயல் விரிந்திருக்கிறது, சில இடங்களில் குப்பை குவிந்திருக்கிறது. கரையை வெட்டி வயலோடு சேர்த்தவர்களுக்கு வேளாண்மையில் உள்ள ஆர்வத்தையும், ஊர்க் குப்பையை ஆற்றங்கரையில் கொட்டிக் கரையை உயர்த்தியவர்களின் பொறுப்புணர்வையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி நகரவாசிகள். குடகனாறு கீழ்ப்பழனி மலைகளில் பிறந்து, ஆத்தூர் வழியாகச் சமவெளிக்கு இறங்கி, தாடிக்கொம்பு, வேடசந்தூர் பக்கமாக வடக்கே போய், கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது. அதாவது காவிரிக்குத் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஆறு நம்முடையது. இன்று காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் வழியே மேட்டில் ஏறித் திண்டுக்கல்லுக்கு வருகிறது. வைகையின் பேரணையிலிருந்து இன்னொரு குழாய் வருகிறது. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் கொடுப்பது போதாமல் இரண்டு ஆறுகளின் தண்ணீரை மின்சாரம் செலவழித்து இழுத்துவரும் வல்லமை எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. சொந்த ஆற்றை நம்பியிருக்கும் ஊர்களுக்கு இப்படிப்பட்ட பொறியியல் கிடைக்காது. குழாயில் தண்ணீர் வருகிற வரையில் ஆற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையும் நமக்கு இல்லை. சித்திரைத் திருவிழாவில் தாடிக்கொம்புப் பெருமாள் குடகனாற்றில் இறங்கும்போதுதான் அங்கே ஓர் ஆறு உண்டென்ற நினைவே பலருக்கு வருகிறது. அந்த அளவுக்காவது நினைவூட்டும் பெருமாளுக்கு நன்றி.

இருக்கிற கொஞ்சத் தண்ணீரைப் பங்கிடுவதில் நாம் காட்டும் ஊக்கமும் சாதாரணமன்று. ஆத்தூர்ப் பக்கம் ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றில் கீழே வேடசந்தூர்ப் பக்கம் எவ்வளவு என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. மேலே உள்ளவருக்கும் நியாயம் உண்டு, கீழே உள்ளவருக்கும் நியாயம் உண்டு. உண்ணாவிரதம், மறியல், மனு, வல்லுநர் குழு என எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு சொட்டு மடை மாறினால் தெருவுக்கு வரும் நாம், அந்தச் சொட்டைத் தாங்கி வைக்கும் மணல் லாரி லாரியாகப் போனபோது வழிவிட்டு நின்றோம். லாரிக்கு வழிவிடுவதும் ஒரு பண்பாடு.

நம்முடைய மறதியையும் பாராட்ட வேண்டும், அது துன்பத்தை வளர்க்காமல் காக்கிறது. வேடசந்தூருக்குப் பக்கத்தில் அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே மண் அணை கட்டப்பட்டது. 1977-இல் பெருவெள்ளம் வந்தது. மின்சாரம் போனதால் மதகுகளை முழுவதுமாகத் தூக்க முடியவில்லை. ஜெனரேட்டர் வைத்துப் பார்த்தார்கள், கையாலும் தூக்கிப் பார்த்தார்கள். தண்ணீர் அணையின் தலைக்கு மேல் ஏறி, மறுபக்கச் சரிவில் அருவியாக இறங்கி, மண்ணை அரித்துப் பல இடங்களில் அணையை உடைத்தது. அணை உடைப்புகளைப் பற்றி எழுதும் பொறியாளர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். ஓடும் நீர் மண்ணை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இந்தச் சமவெளிக்குக் கிடைத்ததில்லை. பாடம் நடந்த ஆற்றிலேயே கரையைப் பலவீனமாக்கிக்கொண்டு, அடுத்த பெருவெள்ளம் வராது என்று நம்பி இருக்கிறோம். இவ்வளவு நம்பிக்கை உள்ள மக்களை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

வெளியூரில் நடந்ததும் நம் நம்பிக்கையைக் குலைக்கவில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. கீழே மணலை அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள், அரசு மறுத்தது. யார் சொன்னது சரி என்று வாதாடிக்கொண்டிருந்த நாட்களிலும் மற்ற ஆறுகளில் லாரிகள் ஓடின.

இங்கே சொன்ன புகழ்ச்சியில் பொய் இல்லை. படகு நம் கரைகளைத் தொட்டதில்லை, சட்டங்கள் நிறைய இருக்கின்றன, குழாய்த் தண்ணீர் வருகிறது, பொறுமை நிறைய இருக்கிறது. இவ்வளவும் உண்மை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. டாஸ்மேனியாவில் கரை சரிந்தபோது முளையடித்து அளந்தார்கள் என்று சொன்னேன். அளந்ததால்தான் எவ்வளவு போனது என்று தெரிந்தது, தெரிந்ததால்தான் வேகத்தைக் குறைக்கச் சொல்ல முடிந்தது. குடகனாற்றின் கரையில் ஆண்டுதோறும் அளந்து, கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கும் முளை எங்கே இருக்கிறது? அளக்காத கரை எவ்வளவு போனாலும் போனதாகவே ஆகாது. திருட்டுக்கு இதைவிட வசதி வேறில்லை.

செய்ய வேண்டியவை அரிதானவை அல்ல. ஆத்தூரிலிருந்து அழகாபுரிவரை குடகனாற்றின் இரு கரைகளையும் பழைய நில அளவைப் படத்தின்படி அளந்து கல் நட வேண்டும். கல்லுக்கு உள்ளே இருக்கும் வயலையும் கொட்டகையையும் குப்பையையும் யாருடையது என்று பார்க்காமல் எடுக்க வேண்டும். படுகை மட்டத்தைப் பாலங்களின் தூண்களிலேயே குறித்து, மழைக்கு முன்னும் பின்னும் படித்து, ஊருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். சவுடுக்கு அனுமதி கேட்டால் ஆற்றிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்பதைச் சீட்டிலேயே எழுத வேண்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்த இடத்தைச் சும்மா விடாமல் நாணலும் வெட்டிவேரும் கரையிலும், மருதும் நாவலும் புங்கும் மேட்டிலும் வைக்க வேண்டும். மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் ஒரே பலகையில் உட்கார்ந்து, ஆற்றுக்கென்று ஒரு பங்கு தண்ணீரை ஒதுக்கிவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆறும் ஒரு பங்காளி.

படகுக்கான விதியையும் இப்போதே எழுதி வைப்பது நல்லது. மழை மிகுந்த ஆண்டுகளில் நீர்த்தேக்கங்கள் நிரம்பும்போது சுற்றுலாவுக்குப் படகு விடலாமே என்ற பேச்சு எங்கும் எழும். விடலாம், மக்கள் தண்ணீரில் மகிழ்வது நல்லதுதான். ஆனால் குடிநீர் எடுக்கும் தேக்கத்தில் மோட்டார் வேண்டாம். மண் கரைக்கும் மதகுக்கும் அருகே படகு வர வேண்டாம். துடுப்பும் மிதியும் போதும். முதல் படகு இறங்குமுன் விதி இருக்க வேண்டும். மணல் விஷயத்தில் நாம் செய்தது இதற்கு நேர்மாறானது.

மாவட்ட நிர்வாகத்துக்கும், நீர்வளத் துறைக்கும், கனிம வளத் துறைக்கும், ஊராட்சித் தலைவர்களுக்கும் கேட்டுக்கொள்வது இதுதான்: தொண்டைமானின் வேல் போதும், இனி அதியமானின் வேலைக் காட்டுங்கள். பயன்படுத்தித் தேய்ந்த ஒரு சட்டம், பளபளக்கும் பத்துச் சட்டங்களைவிட ஆற்றுக்கு உதவும். ஊராருக்கும் ஒரு வார்த்தை: வீடு கட்டும்போது வாசலில் இறங்கும் மணல் எந்த ஆற்றிலிருந்து வந்தது, எந்தச் சீட்டில் வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். படகின் அலையிலிருந்து கரையைக் காப்பது எப்படி என்று திண்டுக்கல் கவலைப்படும் நாள் வர வேண்டும். அந்தக் கவலை வருவதற்கு முதலில் ஆற்றில் தண்ணீர் வேண்டும், தண்ணீர் தங்குவதற்கு மணல் வேண்டும், மணல் தங்குவதற்கு நாம் கையை எடுக்க வேண்டும்.